கழட்டின பிளேட்ட உடனே குப்பைல போடாதீங்க, திருப்பிப் பாருங்க

ராத்திரி ரெண்டு மணி இருக்கும், அம்மா ரூம்ல லைட் எரியுதேனு போய்ப் பாத்தா கட்டில் ஓரத்துல நைட்டிய ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சத்தமே இல்லாம உக்காந்திருக்காங்க. வயித்துல ஒட்டியிருந்த பிளேட் (மோஷன் பைய தாங்கறதுக்குத் தோல்ல ஒட்டற பசைத் தகடு) கீழ்ப்பக்கமா பிச்சுக்கிட்டு மஞ்சத் தண்ணியா தொடை வரைக்கும் வழிஞ்சிருக்கு, என்னை எழுப்பக் கூடாதுனு அவங்களே துண்ட வச்சு அமுக்கிப் பாத்திருக்காங்க. மலக்குடல் கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணி, உள்ள போட்ட தையல் ஆறுற வரைக்கும் மோஷன் அந்தப் பக்கம் போக வேண்டாம்னு சிறுகுடல ஒரு வளைவா வெளிய இழுத்து வயித்துல வாய் வச்சு அனுப்பியிருந்தாங்க, அந்த வாய்க்குப் பேர்தான் ஸ்டோமா. வீட்டுக்கு வந்து பன்னெண்டாவது நாள், அன்னிக்கு மட்டும் அது மூணாவது பிளேட். எல்லாரும் என்ன பண்ணுவாங்களோ அதத்தான் நானும் பண்ணேன், புது பிளேட்ட ஒட்டி சுத்தி நாலு பக்கமும் அகல பிளாஸ்டர் போட்டு அமுக்கி, இனிமே எப்படி லீக் ஆகுதுனு பாக்கலாம்னு தூங்கப் போயிட்டேன். காலைல பிளாஸ்டரப் பிரிச்சா உள்ள தோல் பச்சப் புண்ணா இருக்கு. லீக் நின்னதா நான் நினைச்சது, வெளிய வர வழியில்லாம ராத்திரி பூரா தோல் மேலயே தேங்கி நின்னிருக்கு.

ரெண்டு நாள் கழிச்சு ஸ்டோமா நர்ஸ் கிட்ட போனோம். நான் போனதும் இதவிட நல்லா ஒட்டற பேஸ்ட் எது, காஸ்ட்லியா இருந்தாலும் பரவால்லனு ஆரம்பிச்சேன். அந்த சிஸ்டர் அதுக்கு பதிலே சொல்லல, அம்மா வயித்துலேந்து பிளேட்ட மெதுவா உரிச்சு எடுத்து, நான் வழக்கம்போல கவர்ல சுத்தி தூக்கிப் போட கை நீட்டினா தரல, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துல பின்பக்கத்தத் திருப்பிப் பாத்தாங்க. "இங்க பாருங்க தம்பி, பழுப்பா இருக்கறது நல்லா ஒட்டியிருந்த இடம், வெள்ளையா ஊறி கொழகொழனு இருக்கறது தண்ணி போன இடம், அஞ்சு மணி பக்கமா ஒரு வாய்க்கால் மாதிரி போயிருக்கா?" ஆமா, ஓட்டையச் சுத்தி ஒரு வெள்ள வளையம், அதுலேந்து கடிகாரத்துல அஞ்சு மணி இருக்கற திசைல ஓரம் வரைக்கும் ஒரு கோடு. ரெண்டு வாரத்துல முப்பது பிளேட் கிட்ட தூக்கிப் போட்டிருப்பேன், அத்தனையிலயும் இதே கோடு இருந்திருக்கும்.

இத எழுதறதே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான். லீக் ஆனா பசை பத்தலனு தோணுது, அதனால மேல மேல ஒட்டறோம். ஆனா பெரும்பாலான லீக் பசை பத்தாம வர்றதில்ல, பிளேட்டுக்கும் தோலுக்கும் நடுவுல எங்கயோ ஒரு சந்து இருக்கு, அந்தச் சந்து எங்கனு தெரியாம எத்தன ஒட்டினாலும் தண்ணி அந்த வழியாத்தான் போகும்.

ஸ்டோமானா கிரேக்கத்துல வாய்னுதான் அர்த்தம். பெருங்குடல்லேந்து வச்சா கொலோஸ்டமி, சிறுகுடலோட கடைசிப் பகுதிலேந்து வச்சா இலியோஸ்டமி, மூத்திரப்பைய எடுத்துட்டு சிறுகுடல் துண்டு ஒண்ண குழாய் மாதிரி வச்சு மூத்திரத்த வெளிய விட்டா யூரோஸ்டமி. மூணுக்கும் பை ஒட்டறது ஒரே மாதிரி தெரிஞ்சாலும் தோலுக்கு வர்ற ஆபத்து ஒரே மாதிரி கிடையாது. இடது பக்கம் கீழ வைக்கற கொலோஸ்டமில மோஷன் ஓரளவு கெட்டியா வரும், கொஞ்சம் பட்டாலும் தோல் தாங்கும். இலியோஸ்டமில வர்றது பெருங்குடலுக்கே போகாத சரக்கு, தண்ணியா இருக்கும், கணையம் சுரக்கற புரதத்தயும் கொழுப்பயும் கரைக்கற என்சைம் எல்லாம் வேலை செய்யற நிலைலயே அதுல இருக்கும். அந்த என்சைமுக்கு இது இட்லி, இது தோல்னு வித்தியாசம் தெரியாது. நம்ம தோலோட மேல்பரப்பு லேசான அமிலம், பிஎச் 5 பக்கம், அந்த அமிலம்தான் அதுக்குக் கவசம். அமிலத்துக்கு நேர்மாறான காரத்தன்மை உள்ள திரவம் மேல நின்னா கவசம் போகும், ஊறின தோல் பலவீனமாகும், அப்புறம் என்சைம் கடிக்க ஆரம்பிக்கும், சில மணி நேரத்துல சிவந்து எரியும், ஒரு நாள் விட்டா தோல் உரிஞ்சு நீர் கசியும். கசியற தோல்ல பிளேட் ஒட்டாது, ஒட்டாததால இன்னும் லீக், இன்னும் புண்ணு. வீட்டுல ஒரு வாரம் இந்தச் சுத்துல மாட்டினவங்களுக்குத் தெரியும், நோயாளி சாப்பிடறதையே குறைச்சுடுவாங்க, சாப்பிட்டாத்தானே வருதுனு. எங்கம்மா ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்தினது எனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும்.

இந்தத் தலைவலி மருத்துவத்துக்கும் பழசுதான். 1950க்கு முன்னாடி இலியோஸ்டமி வச்சா குடல அப்படியே வெளிய நீட்டி விட்டுருவாங்க, குடலோட வெளித்தோல் அந்தத் திரவத்துல வெந்து வீங்கி சுருங்கி நோயாளி படாத பாடு படுவாங்க. 1952ல இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல பிரையன் புரூக்னு ஒரு சர்ஜன், சட்டைக் கைய மடிச்சு விடற மாதிரி குடல உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி திருப்பி மடிச்சு தோலோட சேத்துத் தைக்கற முறையச் சொன்னார். இன்னிக்கு இலியோஸ்டமி சுமார் ரெண்டரை சென்டிமீட்டர் மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கறதுக்குக் காரணம் அதுதான், கெட்டில் மூக்கு மாதிரி, சரக்கு தோல் மேல வழியாம நேரா பைக்குள்ள விழணும். அந்த மூக்கு சரியா இல்லாம தோலோட மட்டமா இருந்தாலோ, உள்ள இழுத்துக்கிட்டு இருந்தாலோ, என்ன பை வாங்கினாலும் கஷ்டம். குடல வளைவா வெளிய இழுத்து லூப் வச்சவங்களுக்கு ரெண்டு வாய் இருக்கும், ஒரு பக்கம் தூக்கலாவும் இன்னொரு பக்கம் தாழ்வாவும் இருக்கறதால லீக் தொல்லை கொஞ்சம் அதிகம், எங்கம்மா கேஸ் அதுதான்.

அதே சமயத்துல அமெரிக்கால கிளீவ்லண்ட் கிளினிக்ல ரூபர்ட் டர்ன்புல்னு இன்னொரு சர்ஜன், பல்செட் ஒட்டறதுக்குப் பயன்படுத்தின கரயா கோந்துப் பொடிய ஸ்டோமா சுத்தி இருக்கற புண்ணுக்குப் போட ஆரம்பிச்சார். அந்தக் கோந்து வர்ற மரம் நம்ம ஊர்க் காட்டு மரம், ஆந்திரா, மத்திய இந்தியக் காடுகள்ல பழங்குடிகள் பட்டைய வெட்டி எடுக்கற கோந்து. ஈரத்த உறிஞ்சி ஜெல்லாகி தோல்ல ஒட்டும், அதான் அதோட குணம். அவர் ஆபரேஷன் பண்ணின நோயாளி நார்மா கில், தானே இலியோஸ்டமியோட இருந்தவங்க, 1958ல அங்கயே வேலைக்குச் சேந்து மத்த நோயாளிகளுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, 1961ல அதுக்குனு ஒரு படிப்பே அங்க ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு ஸ்டோமா நர்ஸ்னு ஒருத்தர் இருக்கறதுக்கு ஆரம்பம் அதுதான். டென்மார்க்ல எலிசே சோரன்சென்னு ஒரு நர்ஸ், தங்கச்சி தோராவுக்கு ஸ்டோமா வச்சதும் லீக்குக்குப் பயந்து வெளியவே போகாம கிடக்கறதப் பாத்து 1954ல ஒட்டிட்டு தூக்கிப் போடற பைய யோசிச்சாங்க, அதுலேந்து வந்ததுதான் 1957ல ஆரம்பிச்ச கோலோபிளாஸ்ட் கம்பெனி. கவனிச்சா வழி கண்டுபிடிச்சவங்கள்ல பாதிப் பேர் நோயாளியாவோ நோயாளிக்குப் பக்கத்துல இருந்தவங்களாவோதான் இருக்காங்க.

கரயாவுக்கு அப்புறம் வந்தது ஹைட்ரோகொலாய்டு, இன்னிக்கு நம்ம கைல இருக்கற பழுப்பு பிளேட் அதான். ஜெலட்டின், பெக்டின், செல்லுலோஸ்ல செஞ்ச ஒரு பொடி, இதெல்லாம் ரப்பர் மாதிரி ஒரு பசைல கலந்தது. ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டே இன்னொரு பக்கம் வேர்வையயும் ஈரத்தயும் உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச ஓட்டை பக்கத்துலேந்து வெளிப்பக்கமா வெள்ளையா ஊதிக் கரையும். அதாவது பிளேட்னா மெழுகுவர்த்தி மாதிரி, கரையறதுதான் அதோட வேலை, பாதி கரையறதுக்குள்ள மாத்திடணும். ஓட்டையச் சுத்தி ஒரு சென்டிமீட்டருக்குள்ள சீரா வெள்ளையா இருந்தா பயமில்ல. அதத் தாண்டி ஒரு பக்கமா நாக்கு நீட்டினா அந்தத் திசைல சந்து இருக்கு. எல்லாப் பக்கமும் ஓரம் வரைக்கும் கரைஞ்சிருந்தா நீங்க நாள் கடத்திட்டீங்க, நாலு நாள் வச்சத மூணு நாள்ல மாத்துங்க.

அம்மாவுக்கு வருவோம். சிஸ்டர் ஒரு கார்டு எடுத்தாங்க, வட்ட வட்டமா ஓட்டை போட்டது, அத ஸ்டோமா மேல வச்சுப் பாத்தா சரியா உக்காந்தது 32 மில்லிமீட்டர். நான் பிளேட்ல ஓட்டை வெட்டிக்கிட்டு இருந்தது 40, ஏன்னா டிஸ்சார்ஜ் அன்னிக்கு வார்டுல ஒரு அட்டைல வரைஞ்சு குடுத்த அளவு அது, அத வேத வாக்கா வச்சிருந்தேன். ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல ஸ்டோமா வீங்கித்தான் இருக்கும், ஆறுலேந்து எட்டு வாரத்துல சுருங்கி நிலைக்கு வரும், அது வரைக்கும் வாரா வாரம் அளக்கணும். ஸ்டோமாவ விட ஓட்டை ரெண்டு மூணு மில்லிமீட்டர் மட்டும் பெருசா இருக்கணும். அதுக்கு மேல இருந்தா அவ்வளவு தோலும் திறந்து கிடந்து நனையும், அம்மாவுக்கு ஸ்டோமாவச் சுத்தி மோதிரம் மாதிரி சிவந்திருந்தது அதனாலதான். சரி இறுக்கமா வெட்டினா நல்லதானேனு கேட்டா அதுவும் தப்பு, ஸ்டோமால வலி தெரியற நரம்பு கிடையாது, பிளேட் ஓரம் அறுத்தா கூட நோயாளிக்குத் தெரியாது, ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும். வட்டமா இல்லாம முட்டை மாதிரி இருந்தா அந்த வடிவத்துலயே வரைஞ்சு வெட்டணும், வெட்டினப்புறம் ஓரத்த விரலால தடவி மழுங்க விடணும்.

அளவு ஒரு பாதி. அஞ்சு மணி கோடு எப்படி வந்துச்சு? சிஸ்டர் அம்மாவப் பாத்து "அம்மா, படுத்தது போதும், எந்திரிச்சு எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காருங்க, அப்படியே காலப் பாத்துக் குனிங்க" னாங்க. படுத்திருக்கும்போது தட்டையா இருந்த வயித்துல ஸ்டோமாவுக்குக் கீழ அஞ்சு மணி பக்கம் ஒரு மடிப்பு விழுந்துச்சு, விரல் நுனி நுழையற ஆழம். நான் எப்பவும் அம்மாவப் படுக்க வச்சே ஒட்டியிருக்கேன், அதனால அந்த மடிப்ப ஒரு நாள் கூடப் பாத்ததில்ல. அவங்க எந்திரிச்சு உக்காந்ததும் பிளேட்டுக்கு அடியில ஒரு சின்னச் சுரங்கம், தண்ணிக்கு வேற என்ன வேணும்? ஒட்டறதுக்கு முன்னாடி உக்காந்து, நின்னு, குனிஞ்சு மூணு நிலைலயும் பாருங்க. கீமோ போறவங்களுக்கு எடை இறங்கும், சிலருக்கு ஏறும், நாலஞ்சு கிலோ மாறினாலே போன மாசம் இல்லாத மடிப்பு இந்த மாசம் இருக்கும்.

மடிப்பு, பள்ளம் இதுக்கெல்லாம்தான் வளையம் மாதிரி மெத்துனு இருக்கற ரிங்கும், பேஸ்டும். பேஸ்டுனு பேர் வச்சதால அது கோந்துனு நினைச்சு பிளேட் பூரா தடவறாங்க, நானும் தடவினேன். அது சிமென்ட் பூசற மாதிரி பள்ளத்த நிரப்பறதுக்கு, ஒட்டறதுக்கு இல்ல, நிறைய தடவினா உண்மைல பிளேட் ஒட்டறது குறையும். நிறைய பேஸ்ட்ல ஆல்கஹால் இருக்கு, புண்ணு மேல பட்டா நோயாளி துடிச்சுடுவாங்க, தோல் உரிஞ்சிருந்தா ரிங் நல்லது. ரிங்க களிமண் மாதிரி பிச்சு நீட்டி வளைக்கலாம், அம்மாவுக்கு ஒரு கால் துண்டு பிச்சு அந்த மடிப்புல வச்சு அது மேல பிளேட்ட ஒட்டினாங்க, அவ்வளவுதான். ஸ்டோமா தோல் மட்டத்துலயோ உள்ளயோ இருந்தா தட்டையான பிளேட் பத்தாது, நடுவுல குவிஞ்சு அமுக்கற கான்வெக்ஸ் பிளேட் வேணும், கூட பெல்ட். ஆனா அத நீங்களா ஆன்லைன்ல பாத்து வாங்காதீங்க. ஸ்டோமா பக்கத்துல ஹெர்னியா (குடல் பிதுக்கம்) இருந்தாலோ, ஈரல் கெட்டு சுத்தி ரத்தக் குழாய் புடைச்சு நீல நீலமா தெரிஞ்சாலோ அந்த அமுக்கமே புண்ணும் ரத்தப்போக்கும் கொண்டு வரும், நர்ஸ் பாத்துச் சொல்லட்டும்.

மாத்தறதுல கை வேலைதான் பாதி. இலியோஸ்டமிக்கு காலைல காபி கூட குடிக்காம மாத்துங்க, அப்பதான் குடல் அமைதியா இருக்கும், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல மாத்த உக்காந்தா பாதில ஓடி வரும், அப்புறம் கைல எத புடிக்கிறதுனு தெரியாது. பழச பிச்சு இழுக்காதீங்க, ஒரு கையால பிளேட் ஓரத்தப் பிடிச்சு இன்னொரு கையால ஈரத்துணி வச்சு தோல கீழ தள்ளித் தள்ளி விடுவிக்கணும், வெடுக்குனு இழுத்தா தோலோட மேல் அடுக்கும் சேந்து வரும், லீக்கே இல்லாம புண்ணு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். கழுவறதுக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணி போதும். ஸ்பிரிட், டெட்டால், வாசனை வெட் வைப்ஸ், கிரீம் சேத்த சோப்பு எதுவும் வேண்டாம். எங்க வீட்டுல பெரியம்மா வந்து புண்ணுக்கு தேங்கா எண்ணெய் தடவிட்டுப் போனாங்க, அன்புலதான், ஆனா எண்ணெய் இருக்கற தோல்ல பிளேட் அரை நாள் நிக்கல. கழுவும்போது ஸ்டோமாலேந்து லேசா ரத்தம் ஒத்தினா பயப்பட வேண்டாம், வாய்க்குள்ள இருக்கற சதை மாதிரிதான் அது. தோல நல்லா ஒத்தி ஒத்தி உலர்த்தணும், நான் அட்டைய வச்சு விசிறுவேன். வயித்துல முடி இருந்தா டிரிம்மர் போடுங்க, ஷேவிங் பிளேடு வச்சு வழிச்சா வேர்ல கொப்புளம் வரும். பிளேட்ட ஒட்டறதுக்கு முன்னாடி ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல ஒரு நிமிஷம் வச்சு சூடு பண்ணி, ஒட்டினதும் ஸ்டோமா பக்கத்துலேந்து வெளிப்பக்கமா விரலால அமுக்கி, அப்புறம் கைய அப்படியே மேல வச்சு ரெண்டு மூணு நிமிஷம் பிடிங்க. அந்தப் பசை சூட்டுலயும் அழுத்தத்துலயும்தான் பிடிக்கும். ஒட்டின கையோட குனிஞ்சு செருப்பு மாட்டினா போச்சு, ஒரு கால் மணி நேரம் சும்மா இருக்கணும்.

தோல் ஏற்கெனவே கசிஞ்சா என்ன பண்றது? பிளேட் ஒட்டாம திறந்து விட்டு காத்தாட விடலாம்னு தோணும், இலியோஸ்டமில அது நடக்காது, அஞ்சு நிமிஷத்துல திரும்ப நனையும். புண்ணு ஆறணும்னா அது மேலதான் பிளேட் ஒட்டியாகணும். ஸ்டோமா பவுடர் (குழந்தைக்குப் போடற டால்கம் இல்ல, ஹைட்ரோகொலாய்டு பவுடர்) கசியற இடத்துல மட்டும் தூவி, ஒட்டாம மிஞ்சினத துணியால தட்டி விட்டுட்டு, ஆல்கஹால் இல்லாத பாரியர் ஃபிலிம (தோல் மேல மெல்லிசா படிஞ்சு காக்கற திரவம்) அது மேல ஒத்தி, காய்ஞ்சதும் மறுபடி பவுடர், மறுபடி ஃபிலிம், ரெண்டு மூணு தடவ பண்ணா மேல ஒரு மெல்லிய ஓடு மாதிரி வரும், பிளேட் அதுல ஒட்டும். அம்மாவுக்கு மூணாவது மாத்தலுக்குள்ள எரிச்சல் போய் புதுத் தோல் தெரிஞ்சுது. நல்ல தோலுக்கு பவுடர் வேண்டவே வேண்டாம், அது ஒட்டறதக் கெடுக்கும்.

எல்லாச் சிவப்பும் லீக் சிவப்பு இல்ல, இடத்தயும் வடிவத்தயும் பாருங்க. ஸ்டோமா ஓரத்துலேந்து ஆரம்பிச்சு ஒரு பக்கமா போனா லீக். சுத்தியும் சின்னச் சின்னப் பொரிப் பொரியா பரவி அரிப்பெடுத்தா பூஞ்சை, வேர்வைக் காலத்துலயும் ஆன்டிபயாட்டிக் சாப்பிடறப்பவும் வரும், அதுக்கு டாக்டர் தர்ற பூஞ்சைப் பவுடர் வேணும், ஆயின்மென்ட் போட்டா பிளேட் நிக்காது. பிளேட் எவ்வளவு சைஸோ அச்சு எடுத்த மாதிரி அதே வடிவத்துல சிவந்தா அலர்ஜியா இருக்கலாம், ஆனா அது அபூர்வம், லீக்க அலர்ஜினு நினைச்சு பிராண்ட் மேல பிராண்ட் மாத்தறவங்கதான் அதிகம். ஓரம் ஊதா நிறமா, தாங்க முடியாத வலியோட, வேகமா பெருசாகற குழிப்புண்ணு வந்தா, முக்கியமா குடல் அழற்சி நோய் இருக்கறவங்களுக்கு, அத வீட்டுல வச்சுப் பாக்காதீங்க.

யூரோஸ்டமிக்காரங்களுக்கு கதை கொஞ்சம் வேற. மூத்திரம் என்சைம் மாதிரி கடிக்காது, ஆனா ஒரு நிமிஷம் கூட நிக்காம வரும், தோல் ஊறி ஊறி மரு மாதிரி தடிக்கும், வெள்ளையா மணல் மணலா உப்பு படியும். ராத்திரி பெரிய பைய டியூப் போட்டு இணைச்சுக்கணும், இல்லனா பை நிரம்பி பின்னாடி தள்ளும். மாத்தும்போது ஒரு துணிய சுருட்டி ஸ்டோமா வாய்ல வச்சு உறிஞ்ச விட்டாத்தான் தோல உலர வைக்க முடியும்.

பை கனமும் ஒரு காரணம். மூணுல ஒரு பங்கு நிரம்பினதும் காலி பண்ணுங்க, முழுசா நிரம்பற வரைக்கும் விட்டா அந்தக் கனம் பிளேட்ட கீழ இழுக்கும், பாதி ராத்திரி லீக் இப்படித்தான் வருது. காத்து நிறைஞ்சு பலூன் மாதிரி ஊதினாலும் அப்படியே, ஊசியால குத்தி ஓட்டை போடாதீங்க, வாடையும் வரும் லீக்கும் வரும், வால்ப்பக்கம் திறந்து விடுங்க. கொலோஸ்டமில இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடக்கும், பைக்குள்ள காத்தே இல்லாம ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு கெட்டி மோஷன் கீழ இறங்காம வாய்க்கிட்டயே அப்பிக்கிட்டு பிளேட்டுக்கு அடியில தள்ளும். ஒட்டறதுக்கு முன்னாடி பைக்குள்ள கொஞ்சம் காத்து விட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் உள்ள தேச்சா (பைக்குள்ள மட்டும்தான், தேங்கா எண்ணெய்க்கு இங்கதான் வேலை) வழுக்கிக்கிட்டு இறங்கும். காத்த வெளிய விடற ஃபில்டர் இருக்கற பைனா கூட வர்ற ஸ்டிக்கர அது மேல ஒட்டி வைக்கலாம்.

நம்ம ஊர் வெயில பத்தி பெட்டிக்குள்ள வர்ற பேப்பர்ல பெருசா இருக்காது. கத்திரி வெயில்ல வேர்வைல பிளேட் சீக்கிரம் கரையும், குளிர்காலத்துல நாலு நாள் நின்னது மே மாசத்துல ரெண்டரை நாள்தான் நிக்குதுனா அது உங்க தப்பில்ல, மாத்தற நாளக் குறைங்க. ஸ்டாக்க வண்டி டிக்கியிலயோ ஷீட் வீட்டுல பரண் மேலயோ வைக்காதீங்க, பசை உருகிடும், ஃபிரிட்ஜும் வேண்டாம். பைக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு மெல்லிசு பருத்தித் துணி உறை தச்சுப் போட்டா வேர்க்குரு குறையும், அம்மா பழைய வேட்டில தச்சுக்கிட்டாங்க.

சாப்பாடு விஷயத்துல ஒரு பட்டினியும் வேண்டாம். ரொம்பத் தண்ணியா போனா பிளேட் தாங்காது, அதனால சாதம், வாழப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி, ஆப்பிள வேக வச்சது, தயிர் இதெல்லாம் கெட்டிப்படுத்தும். தேங்காத் துண்டு, வேர்க்கடலை, மக்காச்சோளம், காளான், முருங்கைக்கா சக்கை இலியோஸ்டமில போய் அடைச்சுக்கும், சாப்பிட்டே ஆகணும்னா கொஞ்சமா, கூழா மென்னு. சாதாரணமா நிலைக்கு வந்த இலியோஸ்டமில ஒரு நாளைக்கு 500லேந்து 800 மில்லி வரைக்கும் வரும், ஒன்றரை லிட்டர தாண்டினா அது பை பிரச்சனை இல்ல, உடம்புலேந்து உப்பும் தண்ணியும் போகுது, கிட்னி அடிபடும். அப்போ வெறும் தண்ணியா குடிக்க குடிக்க அதிகமாத்தான் போகும், ஓஆர்எஸ் குடிச்சுக்கிட்டு டாக்டருக்குப் போன் பண்ணுங்க, மோஷன நிறுத்தற மாத்திரைய நீங்களா போடாதீங்க.

காசு விஷயம் சொல்லாம விடக் கூடாது. ஒரு பிளேட் சில நூறு ரூபா, மாசம் பூரா கணக்குப் போட்டா வீட்டுக்கு வீடு இடிக்கும், அதனால அரிக்குது எரியுதுனு தெரிஞ்சும் ஒரு நாள் தள்ளலாம்னு தள்றாங்க. அரிப்புனா அடியில தண்ணி போயிடுச்சுனு அர்த்தம், வெளிய வரல அவ்வளவுதான், அந்த நிமிஷமே மாத்தறதுதான் மிச்சம். ஒரு நாளைக்கு மூணு சாதா பிளேட் போன வீட்டுல கால் துண்டு ரிங்கோட ஒண்ணு மூணு நாள் நின்னா எது லாபம்னு நான் கடைக்காரர் பில்ல வச்சே பாத்துட்டேன். பிளேட்டும் பையும் தனித்தனியா இருக்கற ரெண்டு பீஸ் செட்ல பைய அலசித் திரும்பப் போடறாங்க, அது எனக்குத் தப்பாத் தெரியல, ஆனா உரிச்ச பிளேட்ட திரும்ப ஒட்டாதீங்க.

இனிமேதான் ஆபரேஷன்னா ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கிக்குங்க, வாய் எங்க வைக்கப் போறாங்கனு முன்னாடியே வயித்துல பேனாவால குறி வைக்கச் சொல்லுங்க. படுக்க வச்சு மட்டும் இல்ல, உக்கார வச்சு, நிக்க வச்சு, குனிய வச்சு. பாவாடை நாடா இறுக்கற இடம், வேட்டி கட்டற இடம், பேன்ட் பெல்ட் வர்ற இடம், பழைய தழும்பு, தொப்புள், இடுப்பெலும்பு, மடிப்பு, இதெல்லாம் தவிர்த்து நோயாளி தன் கண்ணால குனிஞ்சு பாக்கற இடமா இருக்கணும். அவசர ஆபரேஷன்ல இதுக்கு நேரம் இருக்காது, தேதி குடுத்துப் பண்ற ஆபரேஷன்ல தாராளமா இருக்கு. எங்களுக்கு யாரும் குறி வைக்கல, கேக்கணும்னு எனக்கும் தெரியாது, அம்மாவோட வாய் சரியா பாவாடை நாடா ஓடற கோட்டுல உக்காந்திருக்கு. இப்போ நாடாவ மேல ஏத்திக் கட்டறாங்க, வெளிய போனா நைட்டி மேல சால்வை.

ஸ்டோமா சிவப்பு மாறி கருநீலமாவோ கருப்பாவோ ஆனாலும், பல மணி நேரமா எதுவுமே வராம வயிறு முறுக்கி வாந்தி வந்தாலும், அமுக்கிப் பிடிச்சும் ரத்தம் நிக்கலனாலும் அப்பவே ஆஸ்பத்திரி, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

மத்ததுக்கெல்லாம் அம்மா இப்போ நாள் காலண்டர் தாள்லயே எழுதி வைக்கிறாங்க. போன தடவ எழுதினது, "செவ்வாய், மாத்தினது, மூணு நாள் நின்னுது, 5 மணி பக்கம் அரை விரல் வெள்ளை, அரிப்பு இல்ல." அடுத்த விசிட்டுக்கு அந்தத் தாள் எல்லாத்தயும் ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கிட்டுப் போறோம், அளக்கற கார்டும் ஒண்ணு கேட்டு வாங்கணும், பழசுல தண்ணி பட்டு எண்ணெல்லாம் அழிஞ்சு போச்சு.